துரைக்கு வந்த இருமல்

அந்தம்மாவின் பெயரை எழுதப் போவதில்லை. தெரியாமல் இல்லை. விழுப்புரம் மாட்டாஸ்பத்திரி நோட்டில் நானே என் கையால் எத்தனையோ தடவை எழுதின பெயர்தான். ஆனால் மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்திருக்கிற நோட்டில் தன் பெயர் எதற்கு என்று அவர் ஒரு நாள் கேட்டுவிட்டார். "சீக்கு அதுக்கு. பேரு மட்டும் என்னுதா?" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. அதனால் குதிரையின் பெயரை மட்டும் எழுதுகிறேன். குதிரையின் பெயர் துரை.

நான் அந்த ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டர் வாரத்தில் பாதி நாள் கெடார், திருவெண்ணெய்நல்லூர் என்று கேம்ப் போய்விடுவார். அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ராஜா, நான்தான் சிப்பாய். மருந்து கலக்குவது, கட்டுப் போடுவது, முரட்டுக் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்குவது எல்லாம் நானே. கொஞ்சம் கர்வமும் உண்டு. பாட்டிலில் ஒட்டின சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதம் என்று இருந்தவன். அப்படிப்பட்டவனுக்கு, சீட்டை எழுதினவனையே நம்பாத ஒரு பெண்பிள்ளை வந்து வாய்த்தார்.

முதல் தடவை வந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி, நல்ல உயரம். கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டின சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா பதக்கம். பக்கத்தில் ஜட்கா வண்டிக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு பெரிய குதிரை நின்றது. அதன் தொண்டையில், தாடைக்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு.

"இருமுது சாரு," என்றார்.

"எத்தனை நாளா?"

"கழுத்த அறுத்த நாள்லேர்ந்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் நிதானமாக விவரம் சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் கோச்சு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வக்கீல் ஆசைப்பட்டு சென்னையில் பந்தயத்தில் ஓடின குதிரை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். கொஞ்சம் வேகமாக ஓடினால் போதும், அதன் தொண்டையிலிருந்து ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் வரும். சென்னைக்கே திரும்பக் கொண்டுபோய்த் தொண்டையில் ஆபரேஷன் செய்தார்கள். ரம்பச் சத்தம் நின்றுவிட்டது. கூடவே கனைப்பும் போய்விட்டது. அந்த இடத்தில் இருமல் வந்து உட்கார்ந்துகொண்டது. வக்கீல் ரம்பத்தையாவது கொஞ்ச நாள் பொறுத்துக்கொண்டார், இருமலைப் பொறுக்க முடியவில்லை. ஒரு மோட்டார் கார் வாங்கிவிட்டார். குதிரையையும் பழைய வண்டி ஒன்றையும் கோச்சுக்காரருக்கே கொடுத்து, பிழைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். ஜங்ஷன் ஊரில் சவாரி நிறையக் கிடைக்கும் என்று இவர்கள் விழுப்புரம் வந்து சேர்ந்தார்கள்.

அப்படி வந்தபோது புருஷன் வண்டியில் உட்கார்ந்து ஓட்ட, இந்தம்மா திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் குதிரையின் தலைக்குப் பக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறார். ஏன் என்று நான் பிற்பாடு கேட்டேன். "எங்க எங்க இருமுதுன்னு பாக்க வேணாமா சாரு? வண்டில குந்திக்கினா அது முதுகுதான தெரியும்?" என்றார். பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனபோது குதிரையும் இருமியது, இவரும் இருமினார். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஓங்கூர் போகிற ரோட்டில் இருந்த அளவு புழுதி இந்த ரோட்டில் இல்லை என்று எனக்குச் சான்றிதழ் கொடுக்கிற மாதிரி சொன்னார்.

டாக்டர் குதிரையை நன்றாகத்தான் பார்த்தார். மூக்கில் ஒட்டுநோய் இருக்கிறதா என்று சோதனை செய்து, இல்லை என்று எழுதினார். தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வெட்டு நல்லா ஆறியிருக்கு. ஆனா மூச்சுக்குழாய் வாசல் தீனி தின்னும்போது முழுக்க மூடிக்கறதில்லை. துணுக்கும் தூசியும் உள்ளே எறங்குது. அதை வெளியே தள்ளத்தான் இருமுது. இது அடியோடு போகாது, குறைக்கலாம். தூசி மட்டும் ஆகவே ஆகாது," என்று சொல்லி ஒரு லேகியம் எழுதிக் கொடுத்துவிட்டு கேம்ப் கிளம்பிவிட்டார்.

குறைத்தே ஆகவேண்டிய அவசரமும் இருந்தது. ஊரில் உள்ள ஜட்காக் குதிரைகளையெல்லாம் வருஷத்துக்கு ஒரு தரம் மைதானத்தில் நிறுத்திப் பார்த்து லைசென்ஸ் கொடுப்பதற்கு ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார். அவர் முன்னால் துரை நாலு தடவை இருமியது. வந்த புதுசு, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்து, "இந்த வருஷம் விடறேன். அடுத்த வருஷம் என் காதுல இருமல் விழுந்தா லைசென்ஸ் கிடையாது," என்று சொல்லிவிட்டார். லைசென்ஸ் போனால் வண்டி ஓடாது, வண்டி ஓடாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. விற்கலாம் என்றால் இருமுகிற குதிரையை வண்டிக்கென்று யாரும் வாங்கமாட்டார்கள். தோலுக்கென்று வாங்குவார்கள். இதை அந்தம்மா என்னிடம் சொன்னபோது குதிரையின் காதைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்.

நான் டாக்டர் எழுதின லேகியத்தைக் கலக்கினேன். கற்பூரம், அதிமதுரம், வெல்லப்பாகு, கூடக் கொஞ்சம் பெல்லடோனா. மரக்கட்டையால் எடுத்துக் குதிரையின் நாக்கில் தடவ வேண்டும். டப்பாவை அவரிடம் நீட்டி விளக்கிக்கொண்டே இருக்கிறேன், அவர் ஒரு விரலால் எடுத்துத் தன் நாக்கில் தடவிக்கொண்டுவிட்டார்.

"ஐயோ, என்ன காரியம் பண்றே? அது விஷ மருந்து. துப்பு, துப்பு."

"விசத்தயா அதுக்குக் குடுக்க சொன்னீங்க?" என்றார், நிதானமாக.

அவரை உட்காரவைத்து, வாய் கொப்புளிக்கச் சொல்லி, ஒரு செம்புத் தண்ணீரைக் குடிக்கவைத்து, கண்ணின் பாப்பா விரிகிறதா என்று ஒரு மணி நேரம் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் எழுந்து, "தொண்ட காஞ்சி போச்சி சாரு. எச்சி கூட எறங்கல. அதுக்கும் இப்படித்தான காயும்? காஞ்ச தொண்டைல காஞ்ச வைக்கோலு எப்படி சாரு எறங்கும்?" என்று கேட்டார்.

டாக்டர் கேம்பிலிருந்து வந்ததும் இந்தக் கேள்வியை என் கேள்வி மாதிரி அவரிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, தொண்டையைக் காயவைக்கிற பெல்லடோனாவைச் சீட்டிலிருந்து அடித்துவிட்டார். "பரவாயில்லையே, நீ கூட யோசிக்கிறியே," என்றார். நான் அதை மறுக்கவில்லை.

அந்தம்மாவின் குணம் அதுதான். தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொள்ளாத எதையும் நம்பமாட்டார். டாக்டர் சொன்னாலும் சரி, புருஷன் சொன்னாலும் சரி. அடுப்பில் வைத்த கல் சூடாகிவிட்டது என்று நாம் சொன்னால்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்பார். வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் சாதுவான, சந்தோஷமான மனுஷர். "ரயிலு வருதுன்னு சொன்னா தண்டவாளத்துல காத வெச்சி பாக்கற ஜென்மம் சார் இது," என்பார். அந்தம்மா முறைப்பார். அதற்கும் சிரிப்பார்.

ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் குதிரையும் அவர்களும் குடியிருந்தார்கள். தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னதால் அந்தம்மா கொட்டகையைத் தினமும் பெருக்கினார், ஒட்டடை அடித்தார். இருமல் குறையவில்லை. ஒரு மத்தியானம் நான் அந்தப் பக்கமாகப் போனபோது குதிரை படுக்கிற இடத்தில் வைக்கோல் மேல் இவர் குப்புறப் படுத்திருந்தார். மயக்கம் போட்டுவிட்டாரோ என்று பதறிப்போனேன்.

"உஸ், பேசாதீங்க. மோந்து பாக்கறேன்," என்றார்.

எழுந்தபோது கண்ணிரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து தண்ணீர் கொட்டியது. நிற்கிறவனுக்குத் தெரியாத மூத்திர நெடி, படுக்கிற குதிரையின் மூக்குக்கு நேராக வைக்கோலுக்குள்ளே இருந்து கிளம்பியிருக்கிறது. அன்றைக்கே வைக்கோல் படுக்கையை வாரி வெளியே போட்டார். பெண்ணையாற்று மணல் ஏற்றி வருகிற ஒரு வண்டிக்காரரைப் பிடித்து ஒரு பார மணலைக் கொட்டச் சொல்லிப் பரப்பினார். தினமும் நனைந்த மணலை அள்ளி எறிந்துவிட்டுப் புது மணல் போடுவார். கூரையின் ஒரு பக்கத்துக் கீற்றைப் பிரித்துக் காற்று வர வழி செய்தார். மழை பெய்தால் அவர்கள் இரண்டு பேரும்தான் நனைவார்கள். குதிரை நிற்கிற பக்கம் நனையாது.

தீனியில் துரைக்கு உயிர் மல்லாட்டைக் கொடி, வேர்க்கடலை பறித்த பிறகு மிஞ்சுகிற கொடி. கெடார்ப் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாக வரும். காய்ந்த கொடியை உதறினால் ஊரே இருமும், அவ்வளவு மண். வேண்டாம், அதை நிறுத்திவிடு என்று நான் சொன்னேன். "அது நாக்குக்கு இருக்கறது அது ஒண்ணுதான் சாரு," என்று சொல்லிவிட்டு, கொடிக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் ஏரித் தண்ணீரில் துணி மாதிரி அலசினார். பக்கத்துக் கல்லில் வெளுத்துக்கொண்டிருந்தவர் தண்ணீரைக் கலக்காதே என்று சண்டைக்கு வந்தார். இந்தம்மா ஒரு கொடியைக் கிள்ளி அவர் மூக்குக்கு நேரே உதறிவிட்டு, "இத துன்னுவியா நீ?" என்று கேட்டார். அவர் தும்மிக்கொண்டே வேறு கல்லுக்குப் போய்விட்டார்.

கொள்ளை முந்தின நாளே ஊறப்போட்டு வேகவைத்தார். வைக்கோலைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்துச் சொட்டச் சொட்டப் போட்டார். கிளம்பின உடனே ஓட்டாமல் முதல் ஒரு பர்லாங் தூரம் நடத்தியே கூட்டிக்கொண்டு போ என்று புருஷனுக்குக் கட்டளை. இவ்வளவும் செய்தும் இருமல் பாதிதான் குறைந்தது. கொட்டகையில் இருமுவது நின்றுவிட்டது. ஸ்டேஷன் வாசலில், ஜட்கா ஸ்டாண்டில், மத்தியான வேளையில் மட்டும் இருமல் அப்படியே இருந்தது.

"ஜங்ஷன்ல எஞ்சின் புகை. அதான்," என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

"அப்ப காலைல ஏன் இருமல? காலைலயும்தான் எஞ்சின் போவுது," என்றார் அவர். எனக்குக் கோபம் வந்தது. நாம் சொல்கிற ஒரு வார்த்தையையாவது ஒப்புக்கொள்ளக்கூடாதா என்று இருந்தது.

அவர் ஒரு மத்தியானம் ஸ்டாண்டுக்கே போய்விட்டார். நானும் ஏதோ பார்சல் எடுக்க அங்கே போயிருந்தேன், அதனால் என் கண்ணாலேயே பார்த்தேன். வண்டிக்காரர்கள் எல்லோரும் சவாரிக்கு நடுவில் குதிரைக்குத் தீனி கொடுப்பது ஒரே மாதிரிதான். கான்வாஸ் துணியில் தைத்த கொள்ளுப் பையைக் குதிரையின் காதுக்குப் பின்னால் மாட்டிவிடுவார்கள். குதிரை பைக்குள்ளே வாயை விட்டுத் தின்னும். வண்டி பூட்டினபடியே இருக்கலாம், தீனி கீழே சிந்தாது. இவர் புருஷனிடம் இருந்த பை வக்கீல் வீட்டுப் பை. தோல் விளிம்பு, பித்தளை வளையம். ஸ்டாண்டிலேயே அழகான பை அதுதான் என்று அவருக்குப் பெருமை.

குதிரை தின்று முடித்ததும் அந்தம்மா பையைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். அடியில் உமியும் தவிட்டுத் தூளும் ஒட்டிக்கிடந்தன. ஒன்றும் சொல்லாமல் அந்தப் பையைத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு, வாரைக் காதுக்குப் பின்னால் விட்டுக்கொண்டார்.

ஸ்டாண்டே சிரித்தது. ஒருவர் சவாரியை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார். இந்தம்மா பையோடு குதிரை மாதிரியே தலையை மேலே தூக்கித் தூக்கி ஆட்டினார். மூன்றாவது தடவை தூக்கும்போது இருமல் பிடித்துக்கொண்டது. பையைக் கழற்றின பிறகும் நிற்கவில்லை. இரண்டு வறட்டு இருமல், ஒரு கமறல், மறுபடி இரண்டு வறட்டு இருமல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது துரையின் இருமலேதான்.

மூச்சு திரும்பினதும் புருஷனைப் பார்த்தார்.

"யோவ், அடில கெடக்கற கொள்ளுக்கோசரம் அது தலைய மேல தூக்குது. அப்பல்லாம் தூளு நேரா தொண்டைக்குத்தான்யா போவுது. நீ தலைய தூக்கிக்கினு கஞ்சி குடிச்சி பாரு. எறங்குதான்னு பாக்கலாம்."

"எல்லாரும் இதுலதானமே போடறாங்க," என்றார் அவர், பரிதாபமாக.

"எல்லாரு குதிரையும் கழுத்த அறுத்துக்கினா வந்துது?"

வாரத்தில் மூன்று தடவையாவது அந்த ஸ்டாண்டைத் தாண்டிப் போகிறவன் நான். பை மாட்டின குதிரைகளை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னபோது கொட்டகை, ரோடு, வைக்கோல் எல்லாம் என் புத்தியில் வந்தது, பை வரவில்லை. குதிரைக்கு வால் இருக்கிற மாதிரி ஜட்காக் குதிரைக்குப் பையும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து அந்தம்மாவை நான் 'நீ' என்று கூப்பிட்டதில்லை.

மறுநாளிலிருந்து பை இல்லை. ஒரு அகலமான இரும்புச் சட்டியில் ஊறின கொள்ளை எடுத்துக்கொண்டு அந்தம்மாவே மத்தியானம் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். கடிவாளத்தைத் தளர்த்தி, சட்டியைத் தரையில் வைப்பார். தலையைத் தாழ்த்தித் தின்றால் தொண்டையில் ஏறுகிறதுகூட வெளியே வழிந்துவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. இதையும் தரையில் கையை ஊன்றிக் குனிந்து தின்று பார்த்துத்தான் சொன்னார். ஸ்டேஷன் வாசலில் தீனி சிந்தக்கூடாது என்று ஸ்டேஷன்காரர்கள் ஆட்சேபித்தார்கள். "சிந்துனா நான் பெருக்கறேன்," என்று ஒப்புக்கொண்டு, துரை நின்ற இடத்தை மட்டுமல்ல, ஸ்டாண்ட் முழுவதையும் தண்ணீர் தெளித்துப் பெருக்கிவிட்டுப் போவார். அந்த வருஷம் ஸ்டாண்டில் மற்ற குதிரைகளும் தும்மல் இல்லாமல் இருந்ததாக வண்டிக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

இருமல் நின்றேவிட்டது. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று, அந்தம்மா சட்டியோடு வரும்போது. ஸ்டாண்டின் மூலையில் அவர் திரும்பினால் போதும், துரை காதை நிமிர்த்தி ஒரே ஒரு தடவை இருமும். தின்பதற்கு முன்னால், வாயில் எதுவும் இல்லாதபோது. இது ஏன் என்று என் மூளையைக் கசக்கிக்கொண்டேன். தொண்டையில் ஏதாவது மிச்சம் இருக்குமோ, மறுபடி டாக்டரிடம் காட்டலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"அது இருமல் இல்ல சாரு. என்ன கூப்புடுது. கனைக்க வரல, இன்னா பண்ணும்?"

இதை எப்படித் தன் மேல் போட்டுப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது.

நடுவில் ஒரு நாள் திண்டிவனத்து வக்கீல் வந்தார். யுத்தம் தொடங்கி பெட்ரோல் கிடைக்காமல் போய், பஸ்ஸெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை கக்கின காலம் அது. அவருடைய கார் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தது. ரயிலில் வந்து இறங்கினவர் தம் பழைய கோச்சுக்காரரைப் பார்த்ததும் அதே வண்டியில் ஏறிக்கொண்டார். கோர்ட்டு வரைக்கும் போய் இறங்கிவிட்டு, குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, தொண்டைத் தழும்பைப் பார்த்து, "நம்ம குதிரைதானாடா இது?" என்று கேட்டாராம். வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து இதை எனக்கு இரண்டு தடவை சொன்னார்.

இன்ஸ்பெக்டரின் நாள் வந்தது. டாக்டர் கேம்பில் இருந்ததால் என்னை வரச்சொல்லி ஆள் விட்டிருந்தார்கள். மைதானத்தில் ஜட்காக்கள் வரிசையாக நின்றன. அந்தம்மாவைப் பார்த்தால் துரை கூப்பிடும் என்பதால், அவர் அந்தப் பக்கமே தலைகாட்டக்கூடாது என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தோம். ஆனால் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு வண்டியின் சக்கரத்தைப் பற்றித் தகராறு கிளம்பி, இழுத்துக்கொண்டே போய், துரையின் முறை வரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

துரை இரண்டு சுற்று ஓடியது. வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் மூக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். காதைத் தொண்டைக்குப் பக்கத்தில் வைத்து நின்றார். சத்தமே இல்லை. "போன வருஷம் இருமினது இதுதானே?" என்று கேட்டுவிட்டு, திருப்தியாகப் பேனாவைத் திறந்தார்.

மைதானத்து ஓரத்தில் ஒரு புளியமரம். தீனி நேரம் தப்பினால் பசியில் அவசரமாக அள்ளித் தின்று குதிரைக்குப் புரை ஏறிக்கொள்ளும் என்று பயந்து, அந்தம்மா சட்டியோடு வந்து அந்த மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். எங்களில் யாருக்கும் தெரியாது. துரைக்குத் தெரிந்துவிட்டது. காதை நிமிர்த்தியது. ஒரு தடவை இருமியது.

பேனா நின்றது.

அடுத்த கணம் மரத்துக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. இரண்டு வறட்டு இருமல், ஒரு கமறல், மறுபடி இரண்டு. இடுப்பில் சட்டியும் வாயில் முந்தானையுமாக அந்தம்மா இருமிக்கொண்டே வெளியே வந்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் இருமினார்.

"யாரும்மா இது? முன்னால இருமினதும் நீதானா?"

"நான்தான் சாமி. ரொம்ப பேஜாரு பண்ணுது."

இன்ஸ்பெக்டர் குதிரையைப் பார்த்தார். அது வாயை மூடிக்கொண்டு சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். "கம்பவுண்டர், நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. இருமினது யாரு?"

உத்தியோகத்துக்கு வந்த நாளிலிருந்து நோட்டில் ஒரு பொய் எழுதினவன் இல்லை நான். துரைக்கு ஒட்டுநோய் இல்லை, அந்த இருமலால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதையெல்லாம் விளக்கினால் கேட்கிற மனுஷரும் அல்ல அவர். இருமல் என்றால் இருமல், அவ்வளவுதான். அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் என்னை என்னவோ செய்தது.

"அந்தம்மாவுக்கு ரொம்ப நாளா இருமல் சார். நான்தான் ஒரு தடவை லேகியம் கொடுத்தேன்."

லேகியம் கொடுத்தது மட்டும் உண்மை.

"மாட்டாஸ்பத்திரில மனுஷிக்கு மருந்து கொடுக்கறீரா? நல்லா இருக்குய்யா," என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பத்துப் பேர் எதிரில் காய்ச்சி எடுத்தார். பெரியாஸ்பத்திரியில் போய்க் காட்டும்படி அந்தம்மாவுக்கும் புத்தி சொன்னார். சொல்லிக்கொண்டே லைசென்ஸில் கையெழுத்துப் போட்டார். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். குதிரை இல்லாமல் வந்தார். கையில் ஒரு சின்ன மூட்டையில் வறுத்த மல்லாட்டை. அதை மேஜை மேல் வைத்துவிட்டு நின்றார்.

"சனிக்கெழம மாதா கோயிலுக்குப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கினேன் சாரு. பொய் சொன்னத சாமியாருகிட்ட சொல்லிட்டேன்."

"நல்லதும்மா."

"ஒங்களுதயும் சொன்னேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். நான் அவருடைய கோயிலைச் சேர்ந்தவன் இல்லை. எங்கள் பக்கத்தில் பொய் சொன்னால் போய்ச் சொல்வதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. அந்த ஒரு வாரமாக அது என் நெஞ்சில் முள் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை.

"சாமியார் என்ன சொன்னார்?"

"அடுத்தவங்க பாவத்தயெல்லாம் இங்க இஸ்துகினு வராதன்னு கோச்சிக்கினாரு. எனக்கு மட்டும் அபராதம் போட்டாரு, அஞ்சி பிரியதத்தம் சொல்லுன்னு. மாதாவுக்கு சொல்ற மந்திரம் சாரு. நான் பத்தா சொல்லிட்டேன். ஒரே பொய்தான, ஒங்களுக்கும் அஞ்சின்னு நானே வெச்சிக்கினேன். மொதல்ல என்னுத அஞ்சும் சொல்லி பாத்தேன். நெஞ்சு லேசாச்சி. கேக்குதுன்னு தெரிஞ்சப்புறம்தான் ஒங்களுத சொன்னேன்."

சொல்லிவிட்டு, அன்றைக்கு லேகியம் தின்ற அவர் கண்ணை நான் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி, என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்களுக்கு லேசாச்சா சாரு?"

"ஆச்சும்மா," என்றேன். நிஜமாகவே ஆகியிருந்தது.